பாட்டுக்கு முந்தின முப்பது விநாடி

உங்களுக்கு விநியோகம் என்றால் ஒரு பொத்தானை அழுத்துவது. எனக்கு விநியோகம் என்றால் இடுப்புவலி. பெருமையடிக்கிறேன் என்று நினைக்காதீர்கள். சீடிப் பெட்டியைத் தூக்கி பஸ்ஸில் ஏற்றுவதில் பெருமைப்பட ஒன்றும் இல்லை. பொத்தான் நல்ல கண்டுபிடிப்பு. எங்கள் காலத்தில் அது முழுசாக வந்திருந்தால் இன்றைக்கு நான் நிமிர்ந்து நடந்திருப்பேன்.

இணையத்தில் காசு கொடுத்துப் பாட்டை இறக்கும் வழக்கம் வந்தபோது எங்களைப் போன்ற சின்ன ஒலிப்பதிவுக் கொம்பனிகளுக்கு என்ன நடந்தது என்று என்னைச் சொல்லும்படி கேட்டிருந்தீர்கள். பொதுவாகச் சொன்னால், பெட்டிகள் போயின, கடைக்காரர்கள் போனார்கள், ஒரு சீடி பத்துத் துண்டாகி ஒவ்வொரு பாட்டும் தன் பிழைப்பைத் தானே பார்க்க வேண்டி வந்தது. இதை எந்தக் கட்டுரையிலும் வாசிக்கலாம், அதற்கு நான் தேவையில்லை. எனக்குச் சொல்ல இருப்பது ஒரே ஒரு பாட்டைப் பற்றி. அதிலும் பாட்டைப் பற்றி அல்ல, அது தொடங்குவதற்கு முந்தின முப்பது விநாடியைப் பற்றி.

எங்கள் கொம்பனி வவுனியா பஜாரில், ஒரு வானொலி திருத்தும் கடையின் பின் அறையில் இருந்தது. முதலாளி அன்வர் நானா; முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் நானா என்போம். முல்லைத்தீவில் கடை வைத்திருந்தவர். தொண்ணூறில் முஸ்லிம் சனம் அங்கிருந்து வெளிக்கிட வேண்டி வந்தபோது கையில் ஒரு ஸ்குரூ டிரைவரோடு வந்ததாகச் சொல்வார். இரண்டாயிரத்து இரண்டில் சண்டை நின்று வன்னிக்குப் போகும் பாதை திறந்ததும், "சனம் போய் வருகுது, பாட்டும் போய் வரட்டும்" என்று இந்தத் தொழிலைத் தொடங்கினார். நான் முரசுமோட்டைக்காரி. தாய் தகப்பன் இல்லை, கலியாணம் கட்டவில்லை, வவுனியாவில் ஒரு அறை வாடகைக்கு எடுத்திருந்தேன். கணக்கெழுதத்தான் வேலைக்குச் சேர்ந்தேன். பெட்டியோடு பஸ் ஏறி ஓமந்தை தாண்டி, கிளிநொச்சி, விசுவமடு, முல்லைத்தீவு என்று கடை கடையாகப் போக வேறு ஆள் அகப்படாததால் விநியோகம் என் தலையில் விழுந்தது. வீட்டில் காத்திருக்க ஆள் இல்லாத பெண்ணுக்கு இது தோதான வேலை என்று ஊரில் முடிவு கட்டிவிட்டார்கள். நானும் மறுக்கவில்லை.

போகிற வழியில் ஆமி, இயக்கம் என்று இரண்டு பக்கத்துச் சோதனைச் சாவடிகளிலும் சீடியைப் போட்டுக் கேட்டுத்தான் விடுவார்கள். எங்கள் முதல் இரசிகர்கள் அவர்கள்தான். ஒரு தடவை ஒரு பொடியன் சிரத்தையாக முழுவதையும் கேட்டுவிட்டு, நாலாவது பாட்டில் தபேலா கூடிப்போச்சு என்றான். அது உண்மை.

எங்கள் பதிவுகளில் ஒரு வழக்கம் இருந்தது. எந்தப் பாடகரும் வந்தவுடன் பாடிவிட மாட்டார். முதலில் கதைப்பார். பெயர், சொந்த ஊர், இப்போது இருக்கிற ஊர், யாருடைய மகன், யாருடைய மருமகள், எந்த நாட்டில் யார் யார் இருக்கிறார்கள், அவர்களுக்கெல்லாம் சுகம் சொல்லி, பிறகுதான் பாட்டு. நாங்களாகச் சொல்லிக் கொடுத்தது அல்ல. ஊர் ஊராக இடம்பெயர்ந்த சனம், யார் எங்கே போய்ச் சேர்ந்தார்கள் என்று ஒருவருக்கொருவர் தெரியாது. சீடியில் ஒரு ஊர்ப் பெயர் கேட்டால் கடையில் நிற்பவர் சைக்கிளை நிறுத்திவிட்டு வருவார். "ஆர் பிள்ளை பாடுறது?" என்பதுதான் முதல் கேள்வி. நல்ல பாட்டா என்பது பிறகு.

இரண்டு மூன்று வருடத்தில் கனடாவிலிருந்து ஒருவர் தொடர்புகொண்டார். பாட்டுகளைக் காசுக்கு இறக்க ஒரு இணையத்தளம் நடத்தினார். கனடாக்காரர் என்றே அவரைச் சொல்வோம், இப்போதும் அப்படியே சொல்கிறேன். அதுவரை எங்கள் சீடிகள் அங்கே போவது யாராவது ஊருக்கு வந்து திரும்பும்போது சூட்கேஸில்தான். அங்கே பலசரக்குக் கடையில் மிளகாய்த்தூளுக்குப் பக்கத்தில் அடுக்கி விற்பார்கள். கனடாக்காரர் சொன்னது பெரிய விஷயமாகப் பட்டது. சூட்கேஸ் வேண்டாம், கடை வேண்டாம், சீடியே வேண்டாம். ஒரு சீடியின் பத்துப் பாட்டையும் கொடுத்தோம்.

கொஞ்ச நாளில் தொலைபேசி அடித்தது.

"அக்கா, பாட்டு எங்க?"

"அனுப்பினனாங்கள்தானே?"

"அக்கா, வாங்க முந்தி ஆக்கள் முதல் முப்பது செக்கன் ஓசியாக் கேக்கலாம். கேட்டுப்போட்டுத்தான் வாங்குவினம். உங்கட முப்பது செக்கனில ஒருத்தர் தன்ர பெரியம்மாவுக்குச் சுகம் சொல்லுறார். அடுத்ததில ஒரு பிள்ளை தன்ர பள்ளிக்கூடத்தைச் சொல்லுது. பத்திலயும் ஒருத்தரும் பாடேல்லை!"

நானும் நானாவும் ஒருவரையொருவர் பார்த்தோம். நானாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கடைசியில் கதையை எல்லாம் வெட்டி, பாட்டை மட்டும் திருப்பி அனுப்பினோம். விற்கத் தொடங்கியது. ஆனால் பத்தில் ஒன்றுதான் விற்றது. மற்ற ஒன்பது பாடகர்களும் "எங்கட பாட்டு எப்பிடிப் போகுது?" என்று கேட்கும்போது, போகவில்லை என்று ஒவ்வொருவர் முகத்தைப் பார்த்தும் சொல்ல வேண்டியிருந்தது. சீடியாக இருந்தபோது ஒருவர் தோளில் ஒருவர் போனார்கள். எது போனது எது போகவில்லை என்று யாருக்கும் தெரியாது. அந்த அறியாமை எவ்வளவு நல்லது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. பலசரக்குக் கடைகளும், சனம் இப்போது கொம்பியூட்டரில் வாங்குகிறது என்று சொல்லி எங்கள் சீடியை எடுப்பதை நிறுத்தின.

விசுவமடுவில் எங்களுக்கு ஒரு கடைக்காரர் இருந்தார், குணம் அண்ணை. சைக்கிள் டயர், டோர்ச் பற்றரி, விதை மிளகாய், அவற்றோடு எங்கள் சீடி. ஒரு திருவிழாக் காலம் புதிய சீடிப் பெட்டியோடு அவர் கடையில் இறங்கினேன். அவர் பேசாமல் ஒரு சீடியைப் போட்டார். நான் கொண்டுபோன அதே பாட்டு.

"இது போன கிழமையே வந்திட்டுது பிள்ளை. கனடாவில இருந்து திருவிழாவுக்கு வந்த பொடியன் ஒருத்தன் கொம்பியூட்டரில இறக்கி, சீடியில அடிச்சுக் கொண்டு வந்தவன். வவுனியாப் பாட்டு கனடா போய், பிளேன் ஏறி விசுவமடுவுக்கு வந்திட்டுது. நீங்கள் இன்னும் ஓமந்தையில நிண்டிருக்கிறியள்."

எனக்குக் கோபத்தில் கண் கலங்கியது. சோதனைச் சாவடியில் பெட்டி மறிபட்டுக் கிடந்த நாட்களில் பாட்டு ஊரெல்லாம் பிரதியாகிவிட்டது. ஆனால் குணம் அண்ணை நக்கல் அடித்து முடித்ததும் என் பெட்டியைக் கிட்ட இழுத்தார்.

"வையுங்கோ. உந்தக் கனடாச் சீடியைச் சனம் ஒருக்காக் கேட்டுப்போட்டு, ஆர் பாடுறது எண்டு சொல்லேல்லை எண்டு திருப்பித் தருகுது. கதை உள்ளது வேணுமாம்."

அன்றைக்குத்தான் நாங்கள் என்ன விற்றுக்கொண்டிருக்கிறோம் என்று எனக்கு விளங்கியது. வெளிநாட்டுக்குப் பாட்டு, வன்னிக்குக் கதை. இரண்டையும் தனித்தனியாக நடத்தலாம் என்று சமாதானம் ஆனேன். ரீத்தம்மா அக்காவைச் சந்திக்கும்வரை அந்த ஏற்பாட்டில் குறை எதுவும் தெரியவில்லை.

ரீத்தம்மா அக்கா கத்தோலிக்கக் குடும்பம், கடல் தொழில். சொந்த ஊர் கொக்கிளாய். அங்கிருந்து எப்போதோ இடம்பெயர்ந்து முல்லைத்தீவுக் கரையில் இருந்தா. களப்புத் தண்ணீரில் இறங்கிக் கையால் இறால் தடவும்போது பெண்கள் பாடும் பாட்டு அவவுக்கு நிறையத் தெரியும். நானா முல்லைத்தீவில் கடை வைத்திருந்த காலத்தில் அவ டோர்ச் பற்றரி வாங்க வருவாவாம். வரிசையில் நிற்கும்போது முணுமுணுத்த பாட்டை நானா மறக்கவில்லை. "அந்தக் குரலைப் பதியாட்டில் நாங்கள் கொம்பனி எண்டு போர்ட் போட்டிருக்கிறதில அர்த்தமில்லை" என்பார். கடல் வந்து அழித்துப்போன அடுத்த வருடம் அவவைத் தேடிப் போனோம். தகரக் கொட்டிலின் முன்னால் வலையைச் சிக்கெடுத்துக்கொண்டு இருந்தா. பாடுவீர்களா என்று கேட்டதற்கு அவ திருப்பிக் கேட்டது ஒன்றுதான்.

"பாட முந்தி நான் கதைக்கலாமோ?"

எல்லாரும் கதைப்பார்கள் என்றேன். மாதா கோயில் மண்டபத்தில் ஒலிவாங்கியை வைத்தோம். அவ சொன்னது இன்றைக்கும் எனக்கு மனப்பாடம்.

"வணக்கம். நான் ரீத்தம்மா. சொந்த இடம் கொக்கிளாய், இப்ப முல்லைத்தீவுக் கரையில இருக்கிறன். சூட்டி, அக்கா கதைக்கிறன். அம்மா போயிட்டா. நீ கடிதம் போட்ட விலாசத்தில நாங்கள் இல்லை. நீ எங்க இருந்தாலும் இந்தக் கொம்பனிக்குப் போன் அடிச்சுக் கேள். அக்கா இருக்கிறன்."

பிறகு பாடினா. இனிமையான குரல் என்று சொல்ல மாட்டேன். உப்புக் காற்றில் காய்ந்த குரல். கேட்டால் விட முடியாது.

சூட்டி என்பது அவவின் கடைசித் தம்பி. வீட்டில் கூப்பிடும் பெயர். பத்துப் பதினைந்து வருடத்துக்கு முன் ஒரு ஏஜென்ற் அவனை வேறு ஒருவனின் பெயரில், வேறு ஒருவனின் பாஸ்போட்டில் வெளிநாட்டுக்கு அனுப்பியிருந்தான். எந்தப் பெயர் என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. இரண்டு கடிதம் வந்தது, பிறகு இவர்கள் இடம் மாறிவிட்டார்கள். காணாமல் போனவர்களைத் தேடித் தருகிறவர்களிடம் கொடுத்த அவனுடைய சொந்தப் பெயரில் எந்த நாட்டிலும் ஆள் இல்லை. இருக்கவும் முடியாது. அந்தப் பெயரை அவனே விட்டுவிட்டல்லவா போனான்.

சீடி வந்தது. கனடாக்காரர் இந்த முறை முன்கூட்டியே சொல்லிவிட்டார். கதை ஒன்றும் வேண்டாம், பாட்டு மட்டும். மற்றப் பாடகர்கள் சம்மதித்தார்கள். ரீத்தம்மா அக்காவிடம் சொல்ல நான் முல்லைத்தீவுக்குப் போனேன். வெளிநாட்டில் கதையோடு விற்காது, அதனால் அங்கே போவதில் மட்டும் வெட்டப்போகிறோம், இங்கே கடைகளுக்கு வரும் சீடியில் கதை இருக்கும் என்று விளங்கப்படுத்தினேன். அவ வலையைக் கீழே வைத்தா.

"பிள்ளை, அவன் இஞ்சயோ இருக்கிறான்?"

அவ வலையைத் திரும்பவும் கையில் எடுத்தா.

"வெட்டத்தான் வேணுமெண்டால் பாட்டை வெட்டுங்கோ. கதையை வெட்டாதேங்கோ. இந்தப் பாட்டை இந்தக் கரையில எல்லாப் பொம்பிளையளும் பாடுவினம். அவனைக் கூப்பிட நான் ஒருத்திதான் இருக்கிறன்."

திரும்பும்போது பஸ்ஸில் எனக்கு வந்த யோசனை, என்னை யார் அப்படிக் கூப்பிடுவார்கள் என்பதுதான். வெட்கமாகவும் இருந்தது. ஆனால் அதுதான் வந்தது.

வவுனியாவுக்கு வந்து கனடாக்காரரோடு சண்டை. அவர் கெட்டவர் இல்லை, அதைச் சொல்லிவிட வேண்டும். தொழில் தெரிந்தவர்.

"அக்கா, ஒரு பொம்பிளை தம்பியைத் தேடுறதை ஆர் காசு குடுத்து வாங்குவினம்?"

"ஒருத்தரும் வாங்க வேண்டாம். கேட்டால் காணும்."

"கதையைப் பாட்டுக்குப் பின்னால போடுவமோ?"

"பின்னால போட்டால் வாங்கினவைக்கு மட்டும்தான் கேக்கும். முன்னால இருந்தால் வாங்காத ஆக்களுக்கும் கேக்கும்."

"அப்ப ஓசியில கேக்கிற ஆக்களுக்காகவோ நான் கடை நடத்திறன்? உங்கட மற்ற ஒன்பது பேரையும் யோசியுங்கோ. ஒண்டு இப்பிடிக் கிடந்தால் சனம் உங்கட கொம்பனிப் பக்கமே வராது. வெட்டித் தாங்கோ, இல்லாட்டில் இந்தச் சீடியே வேண்டாம்."

அது வெறும் மிரட்டல் அல்ல. ஒன்பது பேரின் பாட்டு கரை ஏறாமல் போகும். ஒருவருக்காக ஒன்பது பேரைக் கெடுக்கிறாயா என்று அவர் கேட்டது நியாயமான கேள்வி. உங்களுக்கும் இந்தக் கேள்வி வரும். நான் தொலைபேசியை நானாவிடம் கொடுத்தேன். நானா சாதாரணமாக வளவள என்று கதைப்பவர். அன்றைக்கு இவ்வளவுதான் சொன்னார்:

"தம்பி, முல்லைத்தீவில என்ர கடைக்குப் பக்கத்துக் கடைக்காரன் எங்க இருக்கிறான் எண்டு எனக்கு இண்டைக்கும் தெரியாது. எங்களைக் கூப்பிட ஆருக்கும் வழி இருக்கேல்லை. ஒன்பது பாட்டையும் நீங்கள் கேட்ட மாதிரித் தாறம். இந்த ஒண்டை அடியில, ஒருத்தருக்கும் தெரியாத மூலையில போட்டு விடுங்கோ. கிடக்கட்டும்."

கனடாக்காரர் "சரி நானா, கிடக்கட்டும்" என்றார். அப்படியே ஆகக் கீழே போட்டார். யாரும் வாங்கவில்லை.

இரண்டாயிரத்து ஆறில் சண்டை திரும்பத் தொடங்கிப் பாதை பூட்டுப்பட்டது. போன பெட்டிகள் ஓமந்தையிலிருந்து திரும்பி வந்து அறையில் கூரை முட்ட நின்றன. வவுனியாவில் ஆட்கள் காணாமல் போகத் தொடங்கியதும் நானாவைப் பிள்ளைகள் புத்தளத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். போகும்போது கடைப் பூட்டின் திறப்பை என்னிடம் தந்தார். பாடினவர்கள் அந்தப் பக்கம். பாட்டு எங்கேயோ கொம்பியூட்டரில். நடுவில் நான், சீடிப் பெட்டிகளோடு. பாதை இல்லாமல் விற்கக்கூடியது தரவிறக்கம் மட்டும்தான். நாங்கள் பயந்த சாமானே எங்கள் கொம்பனியின் மூச்சை வைத்திருந்தது. ஆனால் அந்த அறையில் மனுச முகம் ஒன்றும் மிஞ்சவில்லை. முந்தி கடைக்காரர் திட்டுவார், தேத்தண்ணி தருவார். இப்போது எப்போதாவது ஒரு மின்னஞ்சல் வரும். அவ்வளவு தனிமையை நான் அதற்கு முன் அறியவில்லை. கதவைத் திறந்து உட்கார்ந்து, பின்னேரம் பூட்டிக்கொண்டு போவேன். சில நாள் வாயைத் திறக்கவே சந்தர்ப்பம் வராது.

அப்படி ஒரு பின்னேரம் தொலைபேசி அடித்தது. ஒரு ஆண் குரல். கொம்பனியா என்று கேட்டார், ஓம் என்றேன். தளத்தில் இருந்த இலக்கத்தைப் பார்த்துப் பிரான்சிலிருந்து கதைப்பதாகச் சொன்னார்.

"உங்கட பேர் சொல்லுங்கோ," என்றேன்.

ஒரு பெயர் சொன்னார். பிறகு, "அது என்ர பேர் இல்லை அக்கா."

நானாக எதுவும் சொல்லக் கூடாது என்று நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவரே சொல்ல வேண்டும்.

"வீட்டில சூட்டி எண்டு கூப்பிடுவினம்."

அவர் ஒரு உணவகக் குசினியில் கோப்பை கழுவுகிறார். கூட வேலை செய்யும் பொடியன் ஒருவன் காசு கொடுத்து ஒரு பாட்டும் வாங்க மாட்டானாம். ஓசி முப்பது விநாடிகளையே ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டு, வேலை முடியும்வரை கேட்பானாம். மேலே இருந்தது எல்லாம் முடிந்து ஒரு நாள் ஆகக் கீழே வந்திருக்கிறான். தண்ணீர்ச் சத்தத்துக்குள் அக்காவின் குரல். இவர் கையிலிருந்த கோப்பையைப் போட்டு உடைத்துவிட்டார். அந்தப் பெயரில் தன்னை யாரும் கூப்பிட்டுப் பதினாறு வருடம் என்றார். கட்டின மனுசிக்குக்கூட அந்தப் பெயர் தெரியாதாம்.

"அக்கா உயிரோட இருக்கிறாவோ? நான் கதைக்கலாமோ?"

பாதை பூட்டு, அந்தப் பக்கத்துக்குத் தொலைபேசி எடுபடாது. அதைச் சொன்னேன். சொல்லி அனுப்புகிறேன் என்றும் சொன்னேன்.

தாளில் எழுதிக் கொடுத்தால் சாவடியில் கொண்டுபோகிறவருக்கு ஆபத்து. ஆகவே வாயால்தான். சாப்பாட்டுச் சாமான் ஏற்றிப் போகும் லொறிக்காரர்கள், அனுமதியோடு போய்வரும் ஒரு தாதி, இப்படி யார் அகப்பட்டாலும் ஒரே வசனம் சொல்லிக் கொடுத்தேன்: "ரீத்தம்மாவின்ர சூட்டி பிரான்சில இருக்கிறான், அவா கூப்பிட்டது கேட்டுதாம்." விசுவமடு குணம் அண்ணையிடம் சொன்னால் போதும், அவர் அங்காலே அனுப்புவார். என் சீடி போன அதே வழி. ஒரு வார்த்தை கூட்டினாலும் வழியில் மாறிவிடும் என்பதால் ஒவ்வொருவரையும் எனக்குத் திருப்பிச் சொல்ல வைத்தேன். என் வாழ்நாளில் நான் செய்த விநியோகம் அது ஒன்றுதான் என்று சில வேளை தோன்றும்.

சேர்ந்ததா இல்லையா என்று பதில் வரவில்லை. சூட்டி வாரம் ஒருமுறை, கிழமை தவறாமல் தொலைபேசி எடுப்பார். "சொல்லியாச்சோ?" "சொல்லி அனுப்பியிருக்கிறன்." இதுதான் எங்கள் கதை. பிறகு சண்டை பெருத்தது. எங்களுக்கு வவுனியாவில் கேட்ட குண்டுச் சத்தம் அவருக்குத் தொலைபேசியில் கேட்டது. ஒரு நாள் அவர் அழுதார்.

"கிடைச்சிட்டுது எண்டு சொல்லுங்கோ அக்கா. பொய்யெண்டாலும் பரவாயில்லை. அவா அறிஞ்சிட்டா எண்டு சொல்லுங்கோ, நான் நித்திரை கொள்ளுறன்."

சொல்லியிருக்கலாம். ஒரு சொல். என்னைத் தவிர யாருக்கும் தெரியாது. வாய்வரை வந்தது. ஆனால் ஆள் கையில் வாங்காத பெட்டியைச் சேர்ந்துவிட்டது என்று நான் ஒரு நாளும் சொன்னதில்லை. இப்போது சொன்னால், பிறகு உண்மையாகவே சேரும்போது அதைச் சொல்ல என்னிடம் சொல் இருக்காது. "இன்னும் தெரியேல்லை" என்றேன். அவர் தொலைபேசியை வைத்துவிட்டார். அடுத்த கிழமை எடுக்கவில்லை. அதற்கடுத்த கிழமையும் இல்லை. இருந்த ஒரு குரலையும் போக்கடித்துவிட்டேன் என்று நினைத்து வேதனைப்பட்டேன். மூன்றாவது கிழமை எடுத்தார். "சொல்லியாச்சோ?" என்றார், எதுவும் நடக்காததுபோல.

இரண்டாயிரத்து ஒன்பதில் சண்டை முடிந்து, பிழைத்த சனம் எல்லாம் வவுனியா முகாம்களுக்கு வந்தது. பார்க்க விடும் நாட்களில் முள்ளுக்கம்பிக்கு வெளியே நின்று, முல்லைத்தீவுக் கரை ஆட்கள் யாரும் உண்டா என்று கேட்பேன். கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை அடைத்துப் போகும். ஒரு நாள் கம்பிக்கு உள்ளேயிருந்து ஒருவர் "பிள்ளை" என்றார். எலும்பும் தோலுமாக ஒரு ஆள். குணம் அண்ணை. குரலை வைத்துத்தான் பிடித்தேன்.

"உங்கட சாமான் குடுத்திட்டன் பிள்ளை," என்றார்.

நான் சீடியை நினைத்தேன். அவர் தலையை ஆட்டினார்.

"நீங்கள் சொல்லி விட்ட கதை. எனக்கு அப்பவே வந்திட்டுது. ஆனால் அவாவைப் பிடிக்கேலாமல் போச்சு. கடையை விட்டன், டயரை விட்டன், ஒவ்வொரு இடமா விட்டு விட்டுப் போனம். கடைசியில கடற்கரையில, கஞ்சிக்கு நிண்ட வரிசையில கண்டன். சொன்னன். திருப்பிச் சொல்லச் சொன்னா. சொன்னன். இன்னொருக்காச் சொல்லச் சொன்னா."

"பேந்து?"

"பேந்து, வாளியைத் தூக்கிக்கொண்டு போனா. அதுக்குப் பிறகு நான் காணேல்லை பிள்ளை. கண்ட ஆக்களும் இல்லை."

அந்தக் கிழமை சூட்டி எடுத்தபோது முதல் தடவையாக "கிடைச்சுது" என்றேன். குணம் அண்ணை சொன்னதைச் சொன்ன மாதிரியே சொன்னேன். அவர் சிரித்தாரா அழுதாரா என்று தெரியவில்லை. பிறகு, நான் பயந்துகொண்டிருந்த கேள்வியைக் கேட்டார். அக்கா இப்போது எங்கே? தெரியாது என்றேன். இதுவும் உண்மை. முகாம்களில் இல்லை, ஆஸ்பத்திரியில் இல்லை, எந்தப் பதிவிலும் இல்லை. இன்றுவரை இல்லை.

பிறகு பல கிழமைகள் அவர் எடுக்கவில்லை. எடுத்தபோது ஒரு விஷயம் கேட்டார்.

"அக்கா, எனக்கும் ஒரு முப்பது செக்கன் தருவியளோ?"

கனடாக்காரரிடம் சொன்னேன். அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. பின்னால் வாங்கப் பாட்டு எதுவும் இல்லாத ஒரு பதிவு, எங்கள் கொம்பனி கடைசியாக வெளியிட்டது அதுதான். ரீத்தம்மா அக்காவின் பாட்டுக்கு நேர் கீழே இருக்கிறது. ஒரு தொலைபேசியில் பதிந்தது, தரமும் அவ்வளவு நல்லதில்லை. "அக்கா, நான் சூட்டி. நீ கூப்பிட்டது கேட்டுது. நான் இருக்கிறன்." அவ்வளவுதான். அதற்குமேல் மூச்சுச் சத்தம்கூட இல்லை, முப்பது விநாடி முடியும்வரை வெறுமை.

பதிவில் ஏதோ பிழைத்துவிட்டது என்று நினைத்து, மிச்சத்தை வெட்டட்டுமா என்று கேட்டேன்.

"வெட்டாதேங்கோ," என்றார். "அது என்ர அக்காவுக்கு. நான் கதைச்சு முடிஞ்சால் அவா கதைப்பா."

இப்போது நீங்கள் பழைய பதிவுகளை எல்லாம் புதிய தளத்துக்கு மாற்றுகிறீர்கள் என்று அறிந்தேன். வெறுமையாக ஓடும் இடங்களை உங்கள் இயந்திரம் தானாகவே கண்டுபிடித்து, பழுது என்று சிவப்பில் காட்டும், வெட்டவா என்றும் கேட்கும். அந்தப் பதிவிலும் கேட்கும். அதில் பழுது எதுவும் இல்லை, பிள்ளைகளே. அப்படியே ஏற்றுங்கள்.